குறைவாகக் கொடுங்கள், தவறாமல் கொடுங்கள்

(வீட்டுக் கள்ளி வளர்ப்பு, முற்றத்துப் பறவைகள் பற்றி நெமிலியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"வீட்டுக் கள்ளியும் முற்றத்துப் பறவையும்" என்று இந்தக் கூட்டத்துக்கு வாசகர் வட்டத்து நண்பர்கள் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். "ஐயா, இது ரெண்டு தலைப்பாச்சே, ஒரே கூட்டத்தில் எப்படிப் பேசுவீங்க?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். முள்செடி வளர்க்கிறவருக்கும் பறவையோடு பழகுகிறவருக்கும் வேண்டிய குணம் ஒன்றே. குறைவாகக் கொடுக்க வேண்டும், தவறாமல் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு விலகி நிற்க வேண்டும். வீட்டில் செத்துப்போகும் கள்ளிகளில் பெரும்பாலானவை பாசத்தோடு ஊற்றிய தண்ணீரால் அழுகிச் சாகின்றன. முற்றத்துக்கு வந்து பிறகு வராமல் போகும் பறவைகளில் பல, கிட்டப் போய்ப் பார்க்கத் துடித்த நம் ஆசையால் விலகிப் போகின்றன. இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

எது கள்ளி?

முதலில் செடியை அடையாளம் கண்டுகொள்வோம். நாம் கள்ளி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு குடும்பங்கள் கலந்து கிடக்கின்றன. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி இவையெல்லாம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் வேண்டும். சப்பாத்திக்கள்ளி வேறு குடும்பம். அதை ஒடித்தால் பால் வராது, கொழகொழவென்று நீர்தான் கசியும்.

இந்த இரண்டாவது குடும்பத்தைத்தான் தாவரவியலில் கேக்டஸ் என்கிறோம். ஏறத்தாழ 1,500 இனங்கள். எல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சொந்த ஊராகக் கொண்டவை. ஒன்றே ஒன்று விதிவிலக்கு: ரிப்சாலிஸ் என்ற தொங்கு கள்ளி. மரக்கிளையிலிருந்து மெல்லிய கயிறுகளாகத் தொங்கும், முள் இருக்காது. அமெரிக்காவில் மட்டுமல்லாமல் ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் அது தானாகவே வளர்கிறது. அதன் பழம் சிறிய வெள்ளை முத்து, சதை பிசுபிசுக்கும். பறவைகள்தாம் அந்த விதையைக் கடல் தாண்டிச் சுமந்து சென்றிருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. கள்ளிக்கும் பறவைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

நர்சரியில் ஒரு முள்செடியைப் பார்த்தால் அது எந்தக் குடும்பம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முள் புறப்படும் இடத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிறு பஞ்சு மெத்தை போன்ற ஒரு புள்ளி தெரிந்தால் அது கேக்டஸ். முள், மொட்டு, புதுக்கிளை எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்துதான் முளைக்கும். உங்களில் பலர் வீட்டில், உங்களுக்குத் தெரியாமலே ஒரு கேக்டஸ் இருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை இரவில் பூத்து, தெருவையே கூட்டி வைத்துப் பார்க்கச் செய்யும் பிரம்ம கமலம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கள்ளிதான். இலை என்று நாம் நினைப்பது அதன் தட்டையான தண்டு. இமயமலையில் பூக்கும் பிரம்ம கமலம் முற்றிலும் வேறு செடி.

சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

நம் மாநிலத்தில் கள்ளியைத் தேடித் தேடிச் சேர்த்து வளர்த்த பழைய கதை ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். அந்தக் காலத்தில் உலகின் மிக உயர்ந்த சிவப்புச் சாயம் மெக்சிகோவிலிருந்து வந்தது. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் காக்கினீல் என்ற சின்னஞ்சிறு பூச்சிதான் அந்தச் சாயம். ஸ்பெயின் நாட்டார் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தார்கள். அந்தச் செல்வத்தைச் சென்னையிலேயே விளைவிக்கலாம் என்று ஆண்டர்சன் நம்பினார். 1786இல் லண்டனிலிருந்த தாவரவியல் அறிஞர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கு இது பற்றிக் கடிதம் எழுதத் தொடங்கினார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் எழுந்தது; அவருடைய உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பார்த்துக்கொண்டார். பல இடங்களிலிருந்து கள்ளி மடல்கள் தருவிக்கப்பட்டன. செடி வந்துவிட்டது, பூச்சி வரவில்லை.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலில் கப்பல் நின்றபோது பூச்சி ஒட்டிய கள்ளியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அது மெக்சிகோவின் உயர்ந்த காக்கினீல் இல்லை, தாழ்ந்த வகைக் காட்டுப்பூச்சி. சாய வியாபாரம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. ஆனால் அந்தப் பூச்சி, தான் குடியேறிய ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைக் கவனித்தவர்கள் 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவுக்கும் பிறகு இலங்கைக்கும் அதே பூச்சியைக் கொண்டு சென்று, களையாகப் பரவிவிட்ட கள்ளியை அழிக்க விட்டார்கள். பூச்சியைக் கொண்டு களையை ஒழிப்பதன் தொடக்க கால எடுத்துக்காட்டாக உலக வேளாண் நூல்களில் இன்றும் இது சொல்லப்படுகிறது. நாம் ஊர்ப்புறங்களில் அதிகம் பார்க்கும் சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கு 1926இல் வேறொரு காக்கினீல் இனம் வந்தது. சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளிக்காடு கரைந்துபோனது.

இந்தப் பூச்சியை நீங்கள் நேரிலேயே பார்க்கலாம். சாலையோரச் சப்பாத்திக்கள்ளியின் மடலில் சில இடங்களில் வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். ஒன்றைக் குச்சியால் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்து நசுக்குங்கள். காகிதத்தில் குங்குமச் சிவப்புக் கறை பரவும், கொஞ்ச நேரத்தில் அதுவே அடர்ந்து கருஞ்சிவப்பாகும். தன்னைத் தின்ன வரும் எறும்பை விரட்டப் பூச்சி தனக்குள் தயாரித்து வைத்த அமிலம் அது. பேரரசுகள் போட்டிபோட்ட பொருள் நம் ஊர் வேலியில் இருக்கிறது. மாணவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

இந்தக் கதையிலிருந்து நமக்கு ஒரு எச்சரிக்கையும் கிடைக்கிறது. வெளியூர்ச் செடியைத் தொட்டியில் வைத்து வளர்ப்பது வேறு, கட்டுக்கடங்காமல் நிலத்தில் விடுவது வேறு. மடல் மடலாக ஒடிந்து வேர்விடும் கள்ளிகளைக் குளக்கரையிலும் புறம்போக்கிலும் கொட்டிவிடாதீர்கள். மிஞ்சிய துண்டுகளை வெயிலில் காயவைத்துக் குப்பைக்கு அனுப்புங்கள்.

நம் தண்ணீரும் நம் மண்ணும்

இப்போது வளர்ப்புக்கு வருவோம். கள்ளி வளர்ப்புப் புத்தகங்கள் பல குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. நம் வட்டாரத்துக்கு நாமேதான் கணக்குப் போட வேண்டும்.

முதல் பிரச்சினை தண்ணீர். ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் இந்தத் தோல் பதனிடும் பகுதியில் நிலத்தடி நீர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்பிடுகிறார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழிவுநீரில் கரைந்து வெளியேறுகிறது. இந்தத் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது அந்தத் தீர்ப்பு. நம் கொசஸ்தலை ஆற்றங்கரையில் நிலைமை ஆலைகள் நெருங்கிய ஊர்களைப்போல் இல்லைதான். ஆனாலும் பல வீட்டு போர்வெல் தண்ணீரில் உப்பு கூடுதல். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவம் ஏறுகிறதா? அதுதான் அடையாளம். கள்ளியின் வேர் மெல்லியது, உப்பைத் தாங்காது.

இதற்கு வழி வானத்திலிருந்தே வருகிறது. ஒரு சிறு கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பத்துக்கு ஐந்து மீட்டர் மாடி 50 சதுர மீட்டர். ஒரு நாள் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர் வடியும். நான்கு அங்குலத் தொட்டி ஒன்றுக்கு ஒரு முறைக்கு 100 மில்லி போதும். ஐம்பது தொட்டி வைத்திருப்பவருக்கு ஒரு முறைக்கு ஐந்து லிட்டர். பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால், மூடிவைத்த 200 லிட்டர் டிரம் ஒன்று நாற்பது முறைக்கு, அதாவது ஓர் ஆண்டுக்கும் மேலே வரும். வேறு எந்தத் தோட்டத்தை ஒரு டிரம் மழைநீரில் ஓராண்டு காப்பாற்ற முடியும்? தண்ணீருக்குக் குடம் தூக்கும் வீட்டிலும் குற்ற உணர்ச்சி இல்லாமல் வளர்க்கக்கூடிய செடி கள்ளி.

இரண்டாவது மண். ஆற்று மணல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாலாற்றிலிருந்து அள்ளியது போதும். செங்கல் சூளையில் உடைந்து கிடக்கும் கல்லை நொறுக்கி, சல்லடையில் சலித்துத் தூளை நீக்குங்கள். உளுந்திலிருந்து கொண்டைக்கடலை வரை பருமன் உள்ள துண்டுகள் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை எரு ஒரு பங்கு. அடியில் துளையுள்ள மண் தொட்டி. மாற்றி நட்டதும் ஒரு வாரம் தண்ணீரே காட்டக் கூடாது. அறுந்த வேர்கள் ஆறட்டும்.

எப்போது ஊற்றுவது? நாள் கணக்கு ஒரு உத்தேசம்தான். ஊதுவத்திக் குச்சி ஒன்றை மண்ணில் அடிவரை செருகி எடுங்கள். ஈரம் ஒட்டி வந்தால் ஊற்றாதீர்கள். உலர்ந்து வந்தால் அன்றைக்கு ஊற்றாமல், இரண்டு நாள் கழித்து ஊற்றுங்கள். அந்த இரண்டு நாள் பொறுமைதான் கள்ளி வளர்ப்பின் பாதி வித்தை.

மூன்றாவது பருவம். கள்ளி பகலில் மூச்சுத்துளையை மூடிக்கொண்டு இரவில் திறக்கிறது. இரவில் காற்றை உள்ளே வாங்கி அமிலமாகச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் அதை உணவாக்குகிறது. இரவும் தணியாத கத்திரி வெயிலில் இந்த வேலை மந்தமாகும். பல இனங்கள் அப்போது தூங்கிவிடும். தூங்கும் செடிக்குச் சூடான தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் வேர் வெந்துவிடும். ஆகவே மேயில் 50 சதவீத நிழல்வலை, இருட்டிய பிறகு மிகக் குறைந்த நீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத் தலைக்கு மேல் ஒளி புகும் தகடு, நான்கு பக்கமும் காற்று. தை பிறந்ததும் மாமிலேரியா வகைக் கள்ளிகள் உச்சியில் இளஞ்சிவப்புப் பூ வளையம் கட்டத் தொடங்கும். அந்த வளையத்துக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருக்கலாம்.

வாங்கும்போது ஒரு நேர்மை வேண்டும். 2015இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, கேக்டஸ் இனங்களில் 31 சதவீதம் அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சொன்னது. சேகரிப்பாளர்களின் பேராசை அதற்கு ஒரு முக்கிய காரணம். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து பிடுங்கிக் கடத்தப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளை இத்தாலியக் காவல்துறை 2020இல் பறிமுதல் செய்தது. அவற்றில் பெரும்பகுதி மறு ஆண்டு சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. விதையிலிருந்தும் குட்டியிலிருந்தும் நர்சரியில் வளர்த்த செடியை மட்டும் வாங்குங்கள். அரிதான பெயரைத் துரத்துவதைவிட, பத்து ரூபாய்க் குட்டியைப் பத்தாண்டு வளர்ப்பவரே நல்ல சேகரிப்பாளர்.

மருந்துப் புட்டியை மூடி வையுங்கள்

கள்ளிக்கு வரும் பெரிய தொல்லை மாவுப்பூச்சி. காக்கினீலுக்குத் தூரத்து உறவு. முள்ளிடுக்கில் வெள்ளையாகத் தெரிந்தால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் குச்சியில் சுற்றி ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். பரவியிருந்தால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் தெளிப்பு. கடையில் விற்கும் ஊடுருவும் பூச்சிமருந்தை மட்டும் ஊற்றாதீர்கள். வேர்வழியே ஏறும் மருந்து செடிச் சாற்றிலும் கலக்கும், பூவின் தேனிலும் கலக்கும். அந்தப் பூவில் வாய் வைக்கும் தேன்சிட்டின் எடை பத்து கிராமுக்கும் குறைவு.

நாம் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து வேறொன்றைக் கொல்லும் என்பதற்கு நம் நாடு கொடுத்த விலை பெரிது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கோடிக்கணக்கில் அழித்தது. 2004இல் காரணம் உறுதியானது. 2006இல் கால்நடை மருந்தாக அதற்குத் தடை வந்தது. அதற்குள் வானம் காலியாகிவிட்டது. எனவே நஞ்சில்லாத மாடியே பறவைக்கு நாம் போடும் முதல் அழைப்பு.

யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள்?

தானியம் போட்டால்தான் பறவை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் முதலில் வைக்க வேண்டியது தண்ணீர். அகலமான மண் சட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். நடுவே ஒரு தட்டைக்கல், சின்னக் குருவி நின்று குடிப்பதற்கு. தினமும் காலையில் பழைய நீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுநீர் ஊற்ற வேண்டும். கழுவாத சட்டி நோயைப் பரப்பும், கொசுவையும் வளர்க்கும். கொட்டும் நீரை வாசல் வேம்புக்கு ஊற்றலாம்.

ஒரே வாரத்தில் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். விடியலில் குண்டுகரிச்சான் தனியாக வந்து, வாலைத் தூக்கி நின்று, ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் குடிக்கும். பிறகு தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து, ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே வரும். எல்லாம் குடித்து முடிக்கும்வரை ஒன்று மட்டும் காவலுக்கு மேலே நிற்கும். கொண்டைக்குருவி ஜோடியாக வந்து முங்கிக் குளிக்கும். வெயில் ஏறியதும் கள்ளிப்புறா. அது வாயை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும். மற்றப் பறவைகள்போல் தலையைத் தூக்கி விழுங்காது. பிள்ளைகளே, இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்து எழுதி வையுங்கள், நீங்களும் ஆராய்ச்சியாளர்தான்.

உணவு கொடுப்பதானால் ஒரு கைப்பிடி கம்பு, தினை, நொய். சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் அது போதும். கொண்டைக்குருவிக்கு ஒரு துண்டு பப்பாளி. மிக்சர், முறுக்கு, பிஸ்கட் வேண்டவே வேண்டாம். உப்பும் எண்ணெயும் அந்தச் சிறு உடம்புக்கு ஆகாது. அரைமணி நேரத்தில் தீர்கிற அளவே வையுங்கள், மிச்சத்தைப் பெருக்கிவிடுங்கள். குஞ்சு வளரும் நாளில் தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். மருந்தடித்த தோட்டத்தில் எத்தனை படி கம்பு போட்டாலும் குஞ்சு பிழைக்காது.

பறவையோடு நட்பு என்கிறோமே, பறவைக்கு நம்மைத் தெரியுமா? தெரியும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற அறிஞரின் குழு 2006இல் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, அடையாள வளையம் மாட்டி விட்டது. பிறகு யார் அந்த முகமூடியோடு நடந்தாலும் காக்கைகள் கூட்டமாகத் திட்டின. ஆண்டுகள் கழித்தும் திட்டின. பிடிபடாத காக்கைகளும் கற்றுக்கொண்டு திட்டின. கெட்ட முகத்தை மறக்காத பறவைக்கு, தினமும் நீர் வைக்கும் முகமும் தெரியத்தான் செய்யும். ஆகவே ஒரே நேரத்துக்கு, ஒரே நடையில், ஓசையில்லாமல் வையுங்கள். நேராகக் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். எவ்வளவு கிட்ட வரலாம் என்பதைப் பறவை முடிவு செய்யட்டும்.

இங்கிலாந்தில் லென் ஹோவர்ட் என்ற இசைக்கலைஞர் அம்மையார், ஒரு கிராமத்து வீட்டின் சன்னல்களைப் பறவைகளுக்காகத் திறந்து வைத்து வாழ்ந்தார். ஒவ்வொரு பறவைக்கும் தனி முகம், தனிக் குணம் உண்டு என்று 1952இல் வெளியான நூலில் எழுதினார். பறவைகள் மிரளக் கூடாது என்று விருந்தாளிகளின் வரவையே குறைத்துக்கொண்டார். அவரளவுக்குப் போக நம்மால் ஆகாது. ஆனால் பறவைகளைக் கூட்டமாக எண்ணாமல் ஒவ்வொன்றாகப் பார்க்கும் அவருடைய கண் நமக்கும் வாய்க்கும்.

கள்ளித்தொட்டியில் ஒரு கூடு

என் மாடிச்சுவர் ஓரம் தூண்தூணாக வளர்ந்த செரியஸ் கள்ளித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு கோடையில் அதன் இரண்டு தண்டுகளுக்கு நடுவே சின்னத் தவிட்டுப்புறா கூடு கட்டியது. கூடு என்று சொல்வதே அதிகம். நாலைந்து விரற்கடைக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டிருந்தது. கீழிருந்து பார்த்தால் இரண்டு வெள்ளை முட்டைகள் இடுக்கில் தெரிந்தன. அந்தக் கூட்டுக்குச் சுவர் முள்தான். பூனை சுவர்மேல் வந்து உட்கார்ந்து பார்க்கும், கையை நீட்டும், இழுத்துக்கொள்ளும். காகம் இறங்க இடமில்லை.

பகலில் ஆண் அடைகாத்தது, மாலையிலிருந்து பெண். இரண்டு வாரம் அடை, பிறகு இரண்டு வாரம் வளர்ப்பு. குஞ்சு தன் அலகைத் தாயின் தொண்டைக்குள்ளேயே விட்டு உணவை வாங்கும். தாய், தந்தை இரண்டின் தீனிப்பையிலும் சுரக்கும் ஒருவகைப் பால் அது. அந்த ஒரு மாதமும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, அந்தப் பக்கமே போகவில்லை. குஞ்சுகள் பறந்துபோன பிறகு பார்த்தால் கள்ளி சற்றே மெலிந்திருந்தது. ஒரு முறை நீர் ஊற்றியதும் தெளிந்துவிட்டது.

நான் இன்று சொல்ல வந்ததெல்லாம் இந்தத் தொட்டியில் இருக்கிறது. ரோஜாத் தொட்டியில் கூடு கட்டியிருந்தால், செடியைக் காப்பதா, கூட்டைக் காப்பதா என்று தவித்திருப்போம். ஒரு மாதம் கைவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும் செடி கள்ளி. ஒரு மாதம் நம்மைக் கைவிடச் சொல்வது கூடு. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அரிசோனாப் பாலைவனத்தில் சகுவாரோ கள்ளியைக் குடைந்து மரங்கொத்தி வீடு கட்டுகிறது. காலியான வீட்டில் சின்ன ஆந்தை குடியேறுகிறது. அந்த மாநிலத்தின் பறவையே கள்ளிக்குள் கூடு கட்டும் ஒரு சிட்டுதான். கலாபகஸ் தீவுகளில் கள்ளிப்பூவிலும் பழத்திலும் பிழைக்கும் குருவி இனம் ஒன்று உண்டு. நம் ஊரிலும் கள்ளிவேலி இருந்தவரை அதில் புறாவும் செம்போத்தும் குடியிருந்தன. பழுத்த சப்பாத்திப் பழத்தைக் கொத்தி, அலகெல்லாம் சிவந்து நிற்கும் கொண்டைக்குருவியைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள்.

கூடு கண்டால் படம் எடுக்கக் கிளையை விலக்காதீர்கள். கூட்டுக்குப் போகும் வழியை நாம் திறந்துவிட்டால் காகம் அதே வழியில் வரும். குஞ்சை வளர்க்க எடுத்துப் போகவும் கூடாது. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம்தான். சென்னை ராயப்பேட்டையில் ஜோசப் சேகர் என்பவர் மாடியில் பலகைகளை அடுக்கி, ஊறவைத்த அரிசியை வரிசை வரிசையாக வைத்துவந்தார். ஆயிரக்கணக்கான கிளிகள் வந்து தின்றுவிட்டுப் பறந்துபோயின. ஒன்றையும் அவர் கூண்டில் அடைத்ததில்லை. தினமும் அவை தாமாகத் திரும்பி வந்தன. அதுவே நட்பு.

புரட்டாசி, ஐப்பசியில் சில வீடுகளுக்கு வேறொரு விருந்தாளி வருவதுண்டு. வடக்கேயிருந்து தெற்கே வலசை போகும் ஆறுமணிக்குருவி, களைத்துப்போய் விடியலில் வராந்தாவிலோ மாட்டுக்கொட்டகையிலோ விழுந்து கிடக்கும். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, பார்த்தால் மறக்க முடியாது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். நம் பகுதியில் ஷூ பெட்டி இல்லாத வீடு ஏது? அதில் துணி விரித்து, மூடியில் துளை போட்டு, பறவையை உள்ளே வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். மாலையில் மரத்தடியில் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் தானே பறந்துவிடும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஊர் மாறுகிறது, நாம் என்ன செய்யலாம்?

நம் வட்டாரம் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. 2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. 2024இல் பக்கத்துப் பனப்பாக்கத்தில் பெரிய கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பிள்ளைகளுக்கு வேலை வரும். வரட்டும், வர வேண்டும். அதோடு முள்வேலி போய்க் கம்பிவேலி வரும், ஓடு போய் காங்கிரீட் வரும். சிட்டுக்குருவி கூடு வைக்க ஓர் இடுக்கு இருக்காது. அந்த இடுக்கை நாம்தான் வைக்க வேண்டும். 32 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு மரப்பெட்டியை மழை படாத தாழ்வாரத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினால் போதும்.

இது தனி மனிதர் வேலை மட்டும் இல்லை, ஊர்களே செய்து காட்டியிருக்கின்றன. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைக் காக்க வேண்டும் என்று கேட்டு, 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் அதற்கு உறுதி பெற்றார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் கண்மாய்ப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். காவேரிப்பாக்கம் ஏரியையும் மகேந்திரவாடி ஏரியையும் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு அந்தப் பொறுப்பு குறைவா?

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் மாடியில் உட்கார்ந்து, வந்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து இணையத்தில் பதிந்தால் அது அறிவியல் தரவு. வரும் பொங்கலுக்கு நெமிலியின் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பட்டியல் போக வேண்டும் என்பது என் ஆசை. ஆசிரியர்கள் நினைத்தால் நடக்கும்.

கடைசியாக ஒன்று. வாசல் மேசையில் சின்னச் சின்னத் தொட்டிகளில் கள்ளிக் குட்டிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் என் செடிகள் ஈன்றவை. யார் வேண்டுமானாலும் ஒன்று எடுத்துப் போகலாம், காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: நாளைக் காலை உங்கள் மாடியிலோ முற்றத்திலோ ஒரு சட்டி தண்ணீரும் வைக்க வேண்டும். குட்டிக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை நூறு மில்லி, சட்டிக்குத் தினமும் அரை லிட்டர். இவ்வளவுதான் செலவு. இதைத் தவறாமல் செய்கிற நூறு வீடு நெமிலியில் இருந்தால், இந்த ஊரில் எந்தத் தொழிற்சாலை வந்தாலும் குருவி ஊரைவிட்டுப் போகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.